ஊர் சொன்ன சாட்சி: பதிவில்லாத விவாகமும் இலங்கைச் சட்டமும்

2005ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி. சுனாமி அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கிழக்குக் கரையோரத்தில் எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றில் அகதிகளாக இருந்த சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் நானும் இன்னும் நாலைந்து ஆசிரியர்களும் இருந்தோம். எனது உம்மாவின் தங்கை, எனக்குச் சாச்சி முறையானவர், அந்த வரிசையில் வந்து நின்றார். சாச்சா கடலோடு போய்விட்டார். மையத்து மூன்றாம் நாள் கிடைத்தது. சாச்சி இத்தாவில் இருக்க வேண்டியவர். ஆனால் இத்தா இருக்க வீடுமில்லை, படிவத்தில் கையொப்பம் வைக்க வேறு ஆளுமில்லை.

மேசையில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். “விவாக அத்தாட்சிப் பத்திரம் இருக்கா அம்மா?” என்று கேட்டார்.

“அது இல்ல மகன். நிக்காஹ் நடந்த. காவின் எழுதல்ல” என்றார் சாச்சி.

உத்தியோகத்தர் சற்று யோசித்தார். பிறகு, இறந்தவருக்கும் விண்ணப்பதாரிக்கும் உள்ள உறவு என்ற கூட்டில் “ஒன்றாக வாழ்ந்தவர்” என்று எழுதினார். சாச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வெளியே வந்ததும் என்னிடம், “என்ன எழுதின மனே?” என்று கேட்டார். “பொஞ்சாதி எண்டுதான் எழுதியிருக்கி சாச்சி” என்று சொல்லிவிட்டேன்.

26 வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு பெண்ணிடம் அந்தச் சொல்லை வாசித்துக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் சட்டத்தரணி அல்லன். சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்த நாட்டில் கடதாசி இல்லாமல் வாழ்ந்த ஆணையும் பெண்ணையும் சட்டம் எந்தக் கண்ணால் பார்த்தது என்று தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான். அந்தத் தேடலில் கண்ட சிலவற்றை இங்கு எழுதுகிறேன்.

லண்டன் வரை போன இரண்டு வழக்குகள்

ஆணும் பெண்ணும் விவாகப் பதிவில்லாமல் சேர்ந்து வாழ்வதும், அவர்களுக்குச் சட்டம் பாதுகாப்புக் கொடுப்பதும் நேற்று முளைத்த விவகாரம் என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். இலங்கையின் நீதிமன்றங்கள் நூற்றிருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன.

முதலாவது, ‘ஆரோனகரி எதிர் வைகலி’ என்று சட்டப் புத்தகங்களில் பெயர் பெற்ற வழக்கு. ஆங்கிலேய எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைத் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதியதால் மூலப் பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. இலங்கைத் தமிழர் சம்பந்தப்பட்ட இவ்வழக்கில், லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில், அதாவது கோமறைக் கழகம், 1881இல் தீர்ப்புச் சொன்னது. அதன் சாரம் இதுதான்: ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று நிரூபிக்கப்பட்டால், செல்லுபடியான ஒரு விவாகத்தின் பேரில்தான் அவர்கள் அப்படி வாழ்ந்தார்கள் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். அது பொய் என்று சொல்ல வருபவர்தான் அதைத் தெளிவாக நிரூபிக்க வேண்டும். உரோம-டச்சுச் சட்டமும் வைப்பாட்டி உறவென்று ஊகிப்பதை விட விவாகமென்று ஊகிக்கும் பக்கமே சாய்கிறது என்பதையும் நீதியரசர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இரண்டாவது, 1927இன் ‘தினோஹாமி எதிர் பலஹாமி’ வழக்கு. இது சிங்களக் குடும்பமொன்றின் வழக்கு. டொன் அந்திரிஸ் என்பவரும் பலஹாமியும் இருபது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். எட்டுப் பிள்ளைகள் பெற்றவர்கள். அவர்கள் முறைப்படி விவாகம் செய்தவர்களா என்ற கேள்வி லண்டன் வரை போனது. தீர்ப்பில் எதையெதையெல்லாம் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கணவன் உயிரோடிருந்த காலத்தில் மனைவி மக்களுக்கு அன்போடு செய்துவைத்த ஏற்பாடுகளைப் பார்த்தார்கள். ஊர் அவர்களை நெடுங்காலமாக விவாகம் செய்தவர்களாகவே கருதிவந்தது என்று அப்பகுதிப் பதிவாளரே கொடுத்த சாட்சியத்தைப் பார்த்தார்கள். வீட்டு விசேஷங்களுக்கு உறவினரும் விருந்தினரும் வந்தபோது இருவரும் வீட்டுக்காரனும் வீட்டுக்காரியுமாக நின்று வரவேற்றதைப் பார்த்தார்கள். இந்த உறவை எவரும் எக்காலத்திலும் மறுத்ததாகச் சாட்சியம் இல்லை என்பதையும் பார்த்தார்கள். பலஹாமி வென்றார்.

ஒரு பெண் தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குச் சோறு போட்டு உபசரித்தது லண்டனில் அவளுக்குச் சாட்சியாக வந்து நின்றிருக்கிறது. இதை வாசித்தபோது சாச்சியின் அடுக்களை என் ஞாபகத்துக்கு வந்தது. சாச்சாவின் வாப்பா மௌத்தான வீட்டில் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு அவர் ஆக்கிய நெய்ச்சோற்றைச் சாப்பிடாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை.

இந்த இரண்டு வழக்குகளும் இலங்கையோடு நின்றுவிடவில்லை. கடல் கடந்து இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குள் போய்க் குடியேறின. 2010இல் வந்த ‘சன்முனியா’ தீர்ப்பு இரண்டையும் எடுத்துக்காட்டுகிறது. தில்லியிலும் சென்னையிலும் சேர்ந்து வாழும் சோடிகளின் உரிமை பற்றி இன்று வாதாடும் சட்டத்தரணிகள், அறிந்தோ அறியாமலோ, இந்தத் தீவின் இரண்டு குடும்பங்களின் சண்டையைத்தான் சுமந்து திரிகிறார்கள்.

முஸ்லிம்களுக்கும் இதே ஊகம் பொருந்தும் என்று பிரிவிக் கவுன்சில் முன்னரே சொல்லியிருந்தது. 1844இல் இந்தியாவிலிருந்து போன ஒரு முஸ்லிம் வழக்கிலும், 1929இன் மொஹப்பத் அலி கான் வழக்கிலும், நீண்டகாலம் தொடர்ச்சியாகக் கூடி வாழ்ந்தவர்களை விவாகம் செய்தவர்களாகவே கருத வேண்டும் என்ற கோட்பாடு வந்திருக்கிறது. இது நமக்கு அந்நியமானதல்ல. நஸபும் நிகாஹும் ஊரறிந்த செய்தியால், அதாவது ‘இஸ்திபாளா’வால், நிறுவப்படலாமா என்று நமது ஃபிக்ஹு நூல்கள் பன்னெடுங்காலம் முன்பே விரிவாகப் பேசியிருக்கின்றன. ஷாஃபி மத்ஹபின் பெரும் அறிஞர்கள் பலர் அதை அனுமதித்துள்ளார்கள்.

ஒரே தீவு, மூன்று வழிகள்

பதிவு என்ற விடயத்தில் இலங்கைச் சட்டம் எல்லாச் சமூகத்தையும் ஒரே வழியில் நடத்தவில்லை.

கண்டியச் சிங்களவருக்கு 1859இன் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது. பதிவு செய்தால்தான் விவாகம் என்றாகிவிட்டது. மலைநாட்டுக் கிராமத்தவரோ தங்கள் முன்னோர் முறைப்படியே பெண் எடுத்தும் கொடுத்தும் வந்தார்கள். நேற்றுவரை ஊர் மெச்ச வாழ்ந்த பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்களானார்கள். பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகளானார்கள். 1952இன் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக விவாகரத்துச் சட்டமும் பதிவில்லாத விவாகம் செல்லாது என்றே சொல்கிறது.

பொதுச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு நடுவழி. பதிவு இருந்தால் அதுவே சிறந்த சான்று. இல்லாவிட்டால் மேலே சொன்ன ஊகம் கைகொடுக்கக்கூடும்.

நமக்கோ மூன்றாவது வழி. ஒல்லாந்தர் பத்தேவியாவிலிருந்து 1770இல் கொண்டுவந்த விதிகள், அவற்றைத் திருத்தி ஆங்கிலேயர் வெளியிட்ட 1806இன் முகம்மதியச் சட்டக்கோவை, அது 1852இல் தீவு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டமை என்பவை நாம் அறிந்த சரித்திரம். விவாகப் பதிவுக்கெனத் தனியாக 1886இன் 8ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது. காதிமாரை நியமிக்கும் ஏற்பாட்டோடு 1929இன் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நிறைவேறி, 1937இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இடத்தை எடுத்துக்கொண்டதுதான் 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். 1954 ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் அது அமுலில் இருந்துவருகிறது.

பதினாறும் பதினேழும்

இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால்: பதிவு செய்தார்கள் என்பதற்காக மட்டும் ஒரு விவாகம் செல்லுபடியாகிவிடாது, பதிவு செய்யவில்லை என்பதற்காக மட்டும் செல்லுபடியற்றதாகியும் விடாது. அந்தந்தப் பிரிவினரின் ஷரீஅத்தின்படி நிகாஹ் சரியாக நடந்ததா என்பதே கணக்கு. கண்டியப் பெண்களுக்கு 1859இல் நேர்ந்த கதி நம் பெண்களுக்கு நேராமல் காத்தது இப்படியொரு ஏற்பாடுதான். அந்த வகையில் அது ஒரு றஹ்மத். அதைக் குறைத்துப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அடுத்த பிரிவையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 17ஆம் பிரிவு பதிவை ஒரு கடமையாக்குகிறது. யாருடைய கடமை? மாப்பிள்ளை, பெண்ணின் வலீ, நிகாஹை நடத்திவைத்தவர் ஆகிய மூவருடைய கடமை. மணமகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

சாச்சியின் கதையை இதோடு பொருத்திப் பார்த்தேன். 1978ஆம் ஆண்டு மாரி காலத்தில், வீட்டு விறாந்தையில் பாய் விரித்து நடந்த நிகாஹ் அது. வலீயாக மூத்தாப்பா இருந்தார். லெப்பை ஓதி முடித்தார். மஹர் பேசப்பட்டது, இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், ஊர் வந்து வலீமாச் சோறு தின்றது. பாதையெல்லாம் வெள்ளம் என்பதால் பதிவுகாரர் வரவில்லை. “வெள்ளம் வடிஞ்ச பொறகு எழுதுவம்” என்றார்களாம். வெள்ளம் வடிந்தது, எழுதவில்லை. பிறகு பிள்ளை கிடைத்தது, வீடு கட்டினார்கள், எல்லாரும் மறந்துபோனார்கள். ஒருவரும் வேண்டுமென்று செய்த குற்றமல்ல.

2005 ஜனவரியில் கணக்குப் பார்த்தால், மூத்தாப்பா பல வருடங்களுக்கு முன்னரே மௌத்தாகியிருந்தார். லெப்பையும் இல்லை. மாப்பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. கடமை சுமத்தப்பட்ட மூன்று ஆண்களும் கபுறில் இருக்க, அவர்கள் செய்யாமல் விட்டதற்குப் பதில் சொல்ல மேசைக்கு முன்னால் நின்றவர், சட்டம் எந்தக் கடமையும் கொடுக்காத அந்தப் பெண்.

16ஆம் பிரிவு சாச்சியின் விவாகத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அந்த விவாகம் நடந்தது என்று காட்டும் பாரத்தை அது இறக்கிவைக்கவில்லை. காதி நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பார்த்து, “நான் இவள நிக்காஹ் முடிக்கவே இல்ல” என்று ஒருவன் சொல்லிவிட்டால், முதலில் அவள் தான் மனைவி என்பதைக் காட்ட வேண்டும். தாபரிப்புப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஊர் இல்லாமல் போனால்?

1881இலும் 1927இலும் சொல்லப்பட்ட ஊகம் எதன் மேல் நிற்கிறது என்று யோசித்தால், அது ஊரின் மேல் நிற்கிறது. அயல்வீட்டார், விருந்தாளிகள், பள்ளிவாசல் மரைக்கார்மார், கடன் கொடுத்த கடைக்காரர் என்று பார்த்தவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் உயிரோடும் பக்கத்திலும் இருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊர்கள் துண்டு துண்டாகச் சிதறின. ஒரு தெருவில் இருந்தவர்கள் புத்தளத்தில் ஒருவர், நீர்கொழும்பில் ஒருவர், அநுராதபுரப் பக்கம் ஒருவர் என்று ஆனார்கள். 2004 டிசம்பர் 26இல் கிழக்கில் கடல் சாட்சிகளையும் பள்ளிவாசல் கொப்பிகளையும் ஒரே காலைப்பொழுதில் எடுத்துக்கொண்டது. ஊர் இருக்கும்வரை ஊர்ச் சாட்சி போதும். ஊர் அழிந்தால் கடதாசிதான் மிச்சம்.

ஒளித்துச் செய்யும் நிகாஹ்களுக்கும் இதே கதிதான். இரண்டாம் தாரம் முடிக்க விரும்புபவர் முன்கூட்டியே காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்லியிருக்க, அதற்குத் தப்ப வேறூரில் நாலு சுவருக்குள் நிகாஹ் முடித்துவிட்டுப் பதியாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். அப்பெண்ணுக்குக் கடதாசியும் இல்லை, பார்த்த ஊரும் இல்லை. நிகாஹைப் பகிரங்கப்படுத்தச் சொல்வதும், வலீமா கொடுப்பதும், தஃப் கொட்டுவதும் மார்க்கத்தில் ஏன் வந்தன என்பதை இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும்.

நிகாஹே இல்லாமல் வாழ்வோர்

வாசகர்களில் சிலர் கேட்கலாம்: நிகாஹே செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களின் நிலை என்ன? இக்கேள்வியை நாம் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்பது தெளிவு. ஆயினும் நாட்டின் சட்டம் என்ன செய்கிறது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

பிரிவிக் கவுன்சில் காத்தது விவாகத்தை. விவாகமில்லாத உறவை அல்ல. நாங்கள் விவாகம் செய்யவில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டே வாழ்ந்தால் ஊகத்துக்கு அங்கே இடமில்லை. அத்தகையவர்களுக்கென இலங்கையில் தனிச் சட்டம் கிடையாது. மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால் மற்றவர் வாரிசாக மாட்டார். இருந்தும் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவன், முன்னாள் கணவன் ஆகியோரோடு ‘சேர்ந்து வாழும் துணை’யையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அடிக்கப்படும் பெண்ணிடம் விவாகப் பத்திரம் கேட்காமலே நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். 1999இன் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் செலவு கொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளை என்ன குற்றம் செய்தது என்ற கேள்விக்கு இரண்டாவது பதில் கிடையாது.

அதே 2005இல் இந்தியாவும் தன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ‘விவாகத்தின் தன்மையுள்ள உறவு’ என்றொரு சொற்றொடரைச் சேர்த்தது. 2010இல் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் என்ற தமிழ்நாட்டு வழக்கில் அதற்கு எல்லை போட்டார்கள்: ஊருக்குக் கணவன் மனைவியாகத் தெரிந்திருக்க வேண்டும், வயது வந்திருக்க வேண்டும், விவாகம் செய்யத் தடையற்றவர்களாக இருக்க வேண்டும், விரும்பிக் கணிசமான காலம் கூடி வாழ்ந்திருக்க வேண்டும். 2013இன் இந்திரா சர்மா வழக்கில், மனைவி இருக்கும் ஒருவரோடு நெடுங்காலம் வாழ்ந்த பெண்ணுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. எத்தனை புதிய சொல் வந்தாலும் சட்டம் கடைசியில் திரும்பி வருவது பலஹாமியின் வீட்டு வாசலுக்குத்தான்: ஊர் இவர்களை எப்படிப் பார்த்தது?

எழுதுகோல்

2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையை 2018 ஜனவரியில் கையளித்தது. விவாக வயது, காதிமார், பதிவு என்று நம் சமூகம் இரண்டாகப் பிரிந்து நின்று வாதாடியது. அந்த வாதங்களுக்குள் நான் இங்கே போகவில்லை. பதிவைப் பற்றி மட்டும் ஒரு கருத்தைச் சொல்லி வைக்கிறேன்.

பதிவில்லாத நிகாஹைச் செல்லாது என்று ஆக்கினால், 1859இல் கண்டியில் நடந்தது நம் வீடுகளிலும் நடக்கும். தண்டனை மறுபடியும் பெண்ணின் தலையிலேயே விழும். எனவே 16ஆம் பிரிவின் உயிர் காக்கப்பட வேண்டும். ஆனால் பதிவு செய்யாமல் விட்டவர்களைச் சும்மா விடுவதும் நியாயமில்லை. கடமை மாப்பிள்ளைக்கும் வலீக்கும் நடத்திவைப்பவருக்கும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கும்போது, பொறுப்பையும் அவர்களிடமே கேட்க வேண்டும். மணமகளும் பதிவுப் புத்தகத்தில் கையொப்பமிட்டு, பிரதியொன்றைத் தன் கையில் வாங்கிக்கொள்ள வழி செய்ய வேண்டும். பதிவுகாரர் வராத சபையில் நிகாஹை ஓத மாட்டோம் என்று பள்ளிவாசல்கள் தீர்மானிக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு கூடி முடிவெடுத்தால் போதும்.

கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதிவைக்கச் சொன்ன வேதம் நம்முடையது. சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் அது. அதே வேதம் அந்நிஸாவின் 21ஆம் வசனத்தில் விவாகத்தை உறுதியான உடன்படிக்கை என்கிறது. ஆயிரம் ரூபாய்க் கடனுக்குத் துண்டு எழுதுகிற நாம் இதற்கு மட்டும் “பொறகு எழுதுவம்” என்கிறோம்.

சாச்சியின் விடயம் கடைசியில் சரிவந்தது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை கடிதம் கொடுத்தது. வலீமாச் சோறு தின்ற இரண்டு வயதாளிகள் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார்கள். வாக்காளர் இடாப்பில் இரண்டு பெயரும் ஒரே வீட்டு இலக்கத்தில் இருந்தன. பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில், பெற்றார் விவாகம் செய்தவர்களா என்ற கூட்டில், மூன்றில் ‘ஆம்’ என்றும் இரண்டில் ‘இல்லை’ என்றும் இருந்தது. அதற்கும் விளக்கம் எழுதிக் கொடுத்தோம். ஐந்து மாதம் பிடித்தது. ஊர் மிச்சமிருந்ததால் ஐந்து மாதம். இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

புதிய படிவத்தில் உறவுக் கூட்டில் ‘மனைவி’ என்று எழுதினார்கள். நான் அதைச் சாச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

“அதத்தானே மனே நீ அண்டைக்கும் சொன்ன” என்றார் சாச்சி.

நான் ஒன்றும் பேசவில்லை. இப்போது அவரும் மௌத்தாகிவிட்டார். அன்றைக்கு நான் சொன்ன பொய்யை இங்கே எழுதி வைக்கிறேன்.